ஒன்பதாம் கொத்து

பாஸ்கல் சாருக்குத் தன் ஆவாரஞ்செடி மேல் இருந்த பாசத்தைப் பார்த்து மனைவி கிளாராவுக்கே வயிறு எரியும். ஓய்வு பெற்ற வாத்தியார் இல்லையா, எதையும் எழுதி வைத்தால்தான் அவருக்கு நிம்மதி. கிளைக்கு ஒரு அட்டையாக எண் போட்டு, ‘பறிக்காதீர் – பாஸ்கல்’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்.

பங்குக் கோவிலில் ‘தண்ணீர் ஊற்றாத தோட்டம்’ போட்டி. இரண்டு வருஷமாகப் பரிசைத் தட்டிக்கொண்டு போனவர் மச்சினன் சார்லஸ், அதுவும் நாலே நாலு கள்ளிச்செடியை வைத்துக்கொண்டு. இந்த வருஷமும் தோற்றால் மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. நல்லவேளை, கோடையில் ஒரு குடம் தண்ணீர் காணாத ஆவாரை இப்போது மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கியது. பட்டாம்பூச்சிகள் முறை வைத்து வந்தன.

நடுவர் தேவதர்ஷினி வருவதாகச் சொன்ன நாள் போகி. அங்கேதான் சார் கோட்டை விட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வீடு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டுவார்கள். காலையில் கதவைத் திறந்தார். செடி மொட்டை!

“ஏலே, எவன்லே பறிச்சது?”

எதிர்வீட்டுத் தங்கமுத்து தன் வாசலில் கொத்தைச் செருகிக்கொண்டே சிரித்தார். “ஆளுக்கு ஒரு கொத்துதான் சார். ஒங்கள விட்டுருவோமா? ஒங்க கேட்லயும் ஒண்ணு கட்டியிருக்கேன்.”

அட்டைகளை மட்டும் மரியாதையாக அவிழ்த்துச் செடியடியில் அடுக்கியிருந்தார்கள். சார் எண்ணிப் பார்த்தார். ஒன்பதாம் அட்டையைக் காணோம். அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் தேவதர்ஷினி.

“பூவே இல்லையே சார்?”

“நேத்து வரைக்கும் அம்புட்டுப் பூ இருந்துச்சு மேடம். காப்புக்குப் பறிச்சிட்டாக.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. கண்ணால பாக்காத பூவுக்கு நான் மார்க் போட மாட்டேன்.”

சார் மீதி அட்டைகளை எடுத்துக் காட்டினார். கிளாராவின் பார்வை மட்டும் ஸ்கூட்டரிலேயே நின்றது. ஹேண்டில்பாரில் வண்டிக்குக் கட்டிய காப்பு. காற்று வீச, கொத்துக்குள்ளிருந்து ஓர் அட்டை வெளியே வந்து ஆடியது.

‘9. பறிக்காதீர் – பாஸ்கல்.’

தேவதர்ஷினியும் அதைப் பார்த்தார். “விடியக்காலை இருட்டுல, ஏதோ வேலின்னு நினைச்சு...” என்று இழுத்தார். பிறகு பேனாவை எடுத்து, தலை நிமிராமல் முதல் பரிசு என்று எழுதினார்.

“ரொம்ப சந்தோஷம் மேடம்,” என்றார் கிளாரா. “அந்த அட்டைய மட்டும் குடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா சாருக்கு ராத்திரி பூரா கணக்கு ஒதைக்கும்.”