ஏழாவது பெயர்

எட்டுப் பேர் கொண்ட பட்டியலில் ஏழாவது பெயரில்தான் ரோடா பென்னக்குக்குச் சந்தேகம் வந்தது. அதுவும் எப்போது? தீர்மானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த மனிதருக்கே ஃபோன் செய்து வாழ்த்தும் சொல்லியாகிவிட்ட மறுநாள் காலையில், ஓட்ஸ் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது.

குவேக்கர்கள் என்னும் எளிய கிறிஸ்தவப் பிரிவினர் நடத்தும் ஆல்டர் க்ரீக் பள்ளிக்கு இந்த அக்டோபரில் இருநூறு வயது. பேர் வாங்கிய பழைய மாணவர்களின் படத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டலாமா என்று முடிவு செய்யவே கமிட்டிக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. மனிதரைச் சுவரில் ஏற்றிக் கொண்டாடுவது அந்தக் கூட்டத்துக்கு ஆகாது. படம் சின்னதாகத்தான் இருக்கும் என்ற நிபந்தனையின் பேரில் ஒருவழியாக இறங்கி வந்தார்கள்.

அவர்கள் ஓட்டுப் போடமாட்டார்கள், கை தூக்கமாட்டார்கள். ஒரு பெயரைச் சொன்னதும் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார்கள். ஏதாவது தோன்றியவர் எழுந்து சொல்வார். எல்லோருடைய மனமும் எங்கே வந்து சேர்கிறது என்று கண்டுபிடித்து எழுதுவது கிளார்க்கின் வேலை. ஆறு வருஷமாக ரோடாதான் கிளார்க். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. குவேக்கருக்குக் கர்வம் கூடாது என்பதால் வெளியே காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

வானியல்காரி பெயருக்கு ஆளாளுக்கு "எனக்குச் சம்மதம்" என்று முணுமுணுத்தார்கள். மூளை டாக்டருக்கும் அப்படியே. ஏழாவதாக, ஓய்வு பெற்ற நீதிபதி டிரிஸ்ட்ரம் கோப் பெயரைப் படித்தாள். நாலு நிமிஷம் சத்தமே இல்லை. 'ஒருமனதாக' என்று எழுதிவிட்டாள். டிரிஸ்ட்ரமும் அவளும் ஒரே வகுப்பு. சேர்ந்து தண்டனை வாங்கி, பள்ளிச் சமையலறையில் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு உரித்தவர்கள்.

ஆனால் ஏன் ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை?

ஒன்று உறுத்த ஆரம்பித்தால் ரோடாவுக்குச் சாப்பாடு இறங்காது. அடுப்பை அணைத்துவிட்டுக் காரை எடுத்தாள். கமிட்டியில் இருக்கும் டார்லா ஹைன்ஸ் வீட்டுக்குத்தான் முதலில் போனாள். டார்லா ஆப்பிள் கேக் வெட்டி வைத்து, பேரனைப் பற்றி அரைமணி நேரம் பேசி, வாசல்வரை வந்த பிறகு, எதற்கும் எல்வுட்டைக் கேட்டுப் பார் என்று நழுவிக்கொண்டாள். ரோடாவின் ஆர்வம் இன்னும் கூடிவிட்டது.

எல்வுட் சாட்டர்த்வெயிட்டுக்குத் தொண்ணூற்றொரு வயது. கமிட்டியில் மூத்தவர், ஒரு காலத்தில் ரோடாவுக்குப் பௌதிகம் எடுத்தவர். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"அவன் ஒருத்தனுக்கு மரண தண்டனை விதிச்சான், ரோடா. தொண்ணூத்தி ரெண்டுல. நீ அப்ப கென்யாவுல வாத்தியார் வேலையில இருந்தே."

கொலை செய்தவனையும் கொல்லக்கூடாது என்று சொல்லித்தான் அந்தப் பள்ளியில் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

ஜூரி சொன்ன தீர்ப்பை நீதிபதி படித்துத்தானே ஆகவேண்டும் என்று ரோடா மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"எழுந்து போயிருக்கலாம். வேலையை விட்டிருக்கலாம். படிச்சான். அந்தப் பையன் ஒன்பது வருஷம் காத்துக் கெடந்து ஜெயில்லயே செத்தான்."

"அப்ப ஏன் அன்னிக்கு வாயத் தொறக்கல நீங்க?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீயே பேரைப் படிக்கிறே, முகம் வேற பூவா மலர்ந்திருக்கு. மத்தவங்க மன்னிச்சுட்டாங்க போல, நான் ஒருத்தன்தான் வீம்பு புடிச்ச கெழவன்னு உக்காந்திருந்தேன்."

டார்லாவும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். மற்ற மூவரும் அப்படியே. கூட்டத்தின் மனதைத் தான் கேட்கவே இல்லை, தன் ஆசையை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் ரோடாவுக்கு உறைத்தது. ஒரு கிளார்க் செய்யக்கூடிய தப்புகளில் இதைவிடப் பெரியது கிடையாது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அங்கிருந்து நேராக டிரிஸ்ட்ரம் வீட்டுக்குப் போனாள். அவர் பின்பக்கத் தோட்டத்தில் பூசணிக்கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் மண் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கியதாகவும் சொன்னார்.

"ஃபோன்ல ஒருமனதான்னு சொன்னே பாரு, ரோடா. படம் யாருக்கு வேணும்? முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை பிரார்த்தனையில அவங்க பக்கத்துல உக்கார்றேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. மன்னிச்சிருப்பாங்களா இல்லையான்னு தெரியாமலே போயிடுவேனோன்னு பயந்தேன். நேத்துதான் தெரிஞ்சுது."

பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஒரு சின்னப் படம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்? கால் நகரவில்லை.

"அவங்க சொல்லல, டிரிஸ்ட். யாருமே சம்மதிக்கல. நானா எழுதிக்கிட்டது. அந்தக் கேஸே எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

அவர் முகம் வாடியதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. பிடுங்கிய கொடிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"இப்பத் தெரிஞ்சுபோச்சே. நீ என்ன சொல்றே?"

"நீ செஞ்சது தப்பு," என்றாள் ரோடா. "பெரிய தப்பு."

டிரிஸ்ட்ரம் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"இதை என் மூஞ்சிக்கு நேரா சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரல. நீதான் மொதல் ஆளு," என்றார். பிறகு, "அந்தப் பையன் பேரு என்னன்னு கேக்கமாட்டியா?"

"சொல்லு," என்று ரோடா ஈரப் புல்லிலேயே உட்கார்ந்தாள்.