மடங்காத கத்தி

டினுஷா வந்து கூப்பிட்டபோது உதயரூபன் உடனே எழும்பவில்லை.

அவளுடைய கணவன் அன்ரோ, கடலோடு சேரும் பனிச்சங்கேணி வாவியில் இறந்து எட்டு மாதமாகியிருந்தது. அன்று ஒரே தோணியில் போனவர்கள் அன்ரோவும் உதயரூபனும்தான். காற்றில் தோணி கவிழ்ந்தது. வலைக்கயிறு அன்ரோவின் காலில் சுற்றிக்கொண்டது. உதயரூபன் முக்குளித்து அவனிடம் போய், தன் இடுப்பிலிருந்த மடக்குக் கத்தியை விரிக்கப் பார்த்தான். துருவேறிய கத்தி விரியவேயில்லை. அதன்பிறகு அவன் தண்ணீரில் இறங்கவில்லை. கூலிக்கு வேலி அடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் தோணியில போகப் போறன் அண்ணன். புள்ளையள் ரெண்டையும் வேற ஆர் பாக்கிற? முதல்ல ஒரு கத்தி வாங்கோணும். எனக்கு ஒண்டும் தெரியாது. நீங்க வாங்க," என்றாள்.

வாழைச்சேனையில் மீன்பிடிச் சாமான் கடை வைத்திருந்த றஸீனா, நாலு கத்திகளைக் கண்ணாடி மேசையில் பரப்பினாள்.

"எல்லாத்திலயும் துருப்பிடிக்காது எண்டுதான் எழுதியிரிக்கு. எழுத்தப் பாத்து வாங்காதீங்க புள்ள," என்றவள், உள்ளேயிருந்து ஒரு அகலவாய்ப் போத்தலைக் கொண்டுவந்தாள். "இந்த நாலிலயும் ரெண்டு வகை உருக்கு. ரெண்டிலயும் ஒண்டொண்டு இதில ஒரு மாசமா உப்புத்தண்ணிக்குள்ள கிடக்கு."

ஒரு கத்தியின் பிடியடியில் செம்மண் நிறத்தில் புள்ளிகள் விழுந்திருந்தன. மற்றது அப்படியே இருந்தது.

டினுஷா சின்னதாக ஒரு மடக்குக் கத்தியை எடுத்தாள். உதயரூபன் அதை அவள் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தான்.

"மடக்கிறது வேணாம்."

பிறகு அவனே தேடினான். துருப் புள்ளி விழாத வகை. உறையோடு வருவது. நுனி மொட்டையானது, காலுக்குப் பக்கத்தில் கயிறு அறுக்கும்போது குத்திவிடக்கூடாது. விழுந்தாலும் கண்ணில் படும்படி மஞ்சள் பிடி. ஒரு துண்டு நைலோன் கயிறு கேட்டு வாங்கி நனைத்தான். கண்களை மூடிக்கொண்டு, இடது கையால் அறுத்தான். இரண்டே இழுப்பில் அறுந்தது.

கண்ணைத் திறக்காமலே பேசினான்.

"அந்தக் கத்தியில துரு ஏறினது எனக்கு முந்தியே தெரியும் தங்கச்சி. நாளைக்கு எண்ணெய் போடுவம் எண்டு விட்டுட்டன்."

றஸீனா மெல்ல உள்ளே போய்விட்டாள். டினுஷா அறுந்த கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கி மேசையில் வைத்தாள்.

"அவரக் கொண்டு வந்த அண்டைக்கு உங்கட கையப் பாத்தன். நகமெல்லாம் பிஞ்சி ரத்தம்," என்றாள். "கோபம் இல்லயெண்டு பொய் சொல்ல மாட்டன். ஆனா எனக்குத் தனியப் போகப் பயமா இரிக்கு அண்ணன்."

இரண்டு கத்திகள் வாங்கினார்கள். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைக்கும்படி றஸீனா சொல்லி அனுப்பினாள்.

அடுத்த திங்கட்கிழமை விடியும்போது டினுஷா தோணியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். உதயரூபன் முழங்கால் தண்ணீரில், விளிம்பைப் பிடித்தபடி நின்றான். அவள் அவசரப்படுத்தவில்லை. அவன் ஏறினான்.

கரை தூரமானதும் பின்னால் அவன் அழுவது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் வலையை இறக்கத் தொடங்கினாள்.