முடிச்சின் பக்கம்

எங்கள் பகுதியில் ஒருவருடைய காட்டைப் பற்றி இன்னொருவர் வாய் திறப்பதில்லை. அடுத்தவர் காட்டுக்குள் நடக்கலாம், பழம் பறிக்கலாம், காளான் சேர்க்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் அங்கே பட்டுப்போய் நிற்கும் மரம் கண்ணில் பட்டாலும் படாததுபோல் கடந்துவிட வேண்டும். அக்கம்பக்கத்தார் சொல்லாததைச் சொல்வதற்காகத்தான் வன உரிமையாளர் சங்கம் இருக்கிறது என்பான் என் அண்ணன் ஒலாவி. சென்ற வசந்தத்தில் அவன் இறந்து, இருபது ஹெக்டேர் காடு என் பெயருக்கு வந்தபோது, சங்கத்தின் உறுப்பினர் அட்டையும் கூடவே வந்தது.

நான் காயானி நகரத்தில் காது கேட்கும் கருவி பொருத்துபவள். சங்கத்தின் ஆலோசகர் யார்க்கோ வரைபடத்தை விரித்து, வடக்குத் துண்டு முழுவதும் முதிர்ந்துவிட்டது, வெட்டி மறுநடவு செய்ய வேண்டும் என்று விளக்கியபோது பாதி புரிந்து முழுதாகத் தலையாட்டினேன். வீடு திரும்பிய பிறகுதான் அந்தத் துண்டின் ஓரத்தில் ஊற்று இருப்பது நினைவுக்கு வந்தது. ஊற்றைச் சுற்றி நின்ற ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்களின் கீழேதான் ஒலாவி, நோயின் கடைசி மாதங்களில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். அவை போகக்கூடாது.

தொலைபேசியில் அழைத்தேன். யார்க்கோ கடமான் வேட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல ரைலி. அந்த இடத்துல வரிசையா நாடா கட்டிடுங்க. மிஷின் ஓட்டுறவங்க பார்த்துக்குவாங்க.”

“எதுல கட்டணும்? வெட்டுற மரத்துலயா, விடுற மரத்துலயா?”

“நடுவுல. எல்லைக்கோடு மாதிரி.”

“கோட்டுக்கு எந்தப் பக்கம் வெட்டணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எப்பவும்போலத்தான்” என்றார். அந்த ‘எப்பவும்’ எது என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊற்றுப்பக்கம் நின்றுகொண்டு, எல்லையாக நின்ற பதினொரு மரங்களைக் கைகளால் வளைத்து, ஆரஞ்சு நாடாக்களை என் முகத்துக்கு நேராக முடிச்சிட்டேன். அப்போது பக்கத்துக் காட்டுக்காரர் தைஸ்தோ பழ வாளியோடு வந்தார். ஊற்றுப்பக்கத்து மரங்கள் மட்டும் நிற்கட்டும் என்றிருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் நாடாவைப் பார்த்தார், ஊற்றைப் பார்த்தார், பிறகு இந்த வருடம் மழை குறைவு என்றார்.

போவார் என்று எதிர்பார்த்தேன், போகவில்லை.

“முடிச்செல்லாம் நல்லா இறுக்கமாத்தான் இருக்கு” என்றார்.

நன்றி சொன்னேன். அவர் முகம் ஏனோ இன்னும் வாடியது. “இறுக்கம்தான்” என்று மறுபடியும் சொல்லிவிட்டு நடந்தார். பாராட்டா, குறையா? விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா முடிச்சுகளையும் இன்னொரு முறை இறுக்கினேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு மரம் வெட்டும் இயந்திரம் வந்தது. ஓட்டுநர் ஹெய்னி, இளம்பெண், காப்பிக் குடுவையோடு நாடா வரிசையை ஒருமுறை நடந்து பார்த்து, எல்லாம் தெளிவாக இருக்கிறது என்றாள். எனக்கு மூச்சு வந்தது.

இயந்திரம் புறப்பட்டு, நாடாக்களைத் தாண்டி, ஊற்றை நோக்கித் திரும்பியது. அங்கே போய் வளைத்துத் திருப்பப்போகிறாள் என்று முதலில் எண்ணினேன். அதன் நீண்ட கை முதல் ஸ்ப்ரூஸை நோக்கி நீண்டபோது கையசைத்தேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளும் சிரித்தபடி கையசைத்தாள். நான் எங்கே தவறினேன்? அவள் தவறினாளா? எதைச் சொல்லி நிறுத்துவது என்றே எனக்குத் தெரியவில்லை.

எல்லைக் கால்வாய்க்கு அப்பால், தன் நிலத்தில், தைஸ்தோ நின்றிருந்தார். தன் காலணிகளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கால்வாயைத் தாண்டி வந்து, இயந்திரத்தின் எதிரே தள்ளி நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தினார். இரைச்சல் அடங்கியது. ஹெய்னி கதவைத் திறந்தாள்.

“முடிச்சு பார்க்குற பக்கம்தான் வெட்டணும்னு இவகிட்ட யாரும் சொல்லல” என்றார். “இவ தலைகீழா கட்டியிருக்கா. நேத்தே பார்த்தேன். நானும் சொல்லல.”

என் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தார்:

“இது ரைலியோட காடு. ஆனா நான் சொல்றேன், ஊத்துப்பக்கம் ஒரு மரத்தத் தொடாத.”