கறுப்பு ஜன்னலை மூடாதே

அன்று காலை அவர் கடைசியாகச் செய்த காரியம், மனைவியிடம் தோற்றுப்போனது. அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்பது ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சண்டை பிரவுசரைப் பற்றி. அவர் ஒரு கல்லூரியில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர். வீட்டிலிருந்த ஒரே கம்ப்யூட்டரில் ஊர் உலகமெல்லாம் போடுவதைப் போடாமல் லினக்ஸைப் போட்டிருந்தார். அதோடு விட்டாரா? மெயிலில் எந்த லிங்க்கைத் தொட்டாலும், கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாகக் காட்டும் ஒரு பிரவுசர்தான் திறக்கும். படம் வராது. படம் இருக்கவேண்டிய இடத்தில் [படம்] என்று எழுதியிருக்கும். மனைவியின் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது அவள் பார்த்த முகம் அதுதான். வேகமாகத் திறக்கிறதே, அது போதாதா என்று கேட்டார் குழந்தையின் பெரியப்பா.

அவள் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். பொறுமைக்குத்தான் சம்பளம். பதினோரு மாதம் பொறுத்தாள். அன்று காலை சொல்லிவிட்டாள்.

"எனக்கு முகம் தெரியற பிரவுசர் வேணும். இல்லாட்டி இனிமே நாமளும் எழுதிக் காட்டியே பேசிக்கலாம்."

ஒரு காலில் ஷூவோடு உட்கார்ந்தார். திரையில் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து ஒரே ஒரு வரி தட்டினார். அதே ஜன்னலிலிருந்து அவளுடைய மெயிலையும் திறந்துவைத்தார். லிங்க்கைத் தொட்டாள். குழந்தை சிரித்தது.

"பிரவுசர்னு ஒரு வேரியபிள் இருக்கு, லிங்க்கை எதுல திறக்கணும்னு அதுதான் சொல்லும். அதுல உன்னோடதை வெச்சுட்டேன். மகாராணிக்குத் திருப்தியா?"

"இந்த ஒரு வரிக்கா பதினோரு மாசம்?"

"இந்த ஜன்னலை மட்டும் மூடாதே. ஏன்னு சாயங்காலம் சொல்றேன்."

சாயங்காலம் சொல்ல ஆளில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மருத்துவர் அதற்கு நீளமான பெயர் ஒன்று சொன்னார். அவள் பழக்கதோஷத்தில் எழுத்துப்பிழை பார்த்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு அறிவுரையை வைத்துவிட்டுப் போனார்கள். அவள் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. அவர் தட்டிய கடைசி வரி அந்த ஜன்னலில் இருந்தது. மேசையைத் துடைக்கும்போது விசைப்பலகைப் பக்கம் துணியைக்கூடக் கொண்டுபோகவில்லை.

ஒன்பதாம் நாள் கொழுந்தன் வந்தான். குடும்பத்தில் அவன்தான் அடுத்த கம்ப்யூட்டர் மேதை. அண்ணனின் மெயிலில் அலுவலகக் காகிதம் எதையோ தேட உட்கார்ந்தவன், தேடி முடித்துவிட்டு, உபகாரம் செய்தவனின் முகத்தோடு சொன்னான்.

"ஏதோ ஒரு ஜன்னல் சும்மா திறந்து கிடந்துச்சு அண்ணி. மூடிட்டேன்."

அவள் வந்து, திரையில் அந்த ஜன்னல் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அதுவே அவனைப் பயமுறுத்தியது. நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மீட்டுக் கொடுப்பதாகச் சபதம் செய்து, ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளும், வேரியபிள்களை எழுதிவைத்திருக்கும் ஃபைலைத் திறந்தான். வரி வரியாகப் படித்தான்.

"அண்ணன் அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும்தான் மாத்தியிருக்கார். மூடினா போச்சு. ஃபைல்ல அவரோட பிரவுசர்தான் இருக்கு."

"அப்போ தோத்த மாதிரி நடிச்சிருக்கார்."

"அப்படித்தான் தெரியுது. மேல ஒரு குறிப்பு வேற எழுதி வெச்சிருக்கார்."

கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பு. மனிதருக்கு மட்டும். அவள் குனிந்து படித்தாள். தேதி, போன வருடத்தது. 'அவள் கேட்பாள். இளகாதே.'

"ஒரே வரிதான் அண்ணி. மாத்திடவா?"

இருபது வருடத் தொழிலில், கண்ணுக்கு நேரே தப்பாக இருந்த ஒரு வரியை அவள் கைவைக்காமல் விட்டது அன்றுதான்.

"இருக்கட்டும். வேணும்னா நானே மாத்திக்கறேன்."

அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து மெயில் வந்தது. அவருடைய புகைப்படத்தோடு அஞ்சலிப் பக்கம் போட்டிருக்கிறார்களாம், லிங்க் கீழே. தொட்டாள். கறுப்புத் திரை வேகமாகத்தான் திறந்தது. பெயர், பதவி, நான்கு வரிப் புகழ்ச்சி. அதற்கு மேலே [படம்].

தங்கையின் குழந்தை இப்போது நடக்கிறது. லிங்க் இன்னும் கறுப்புத் திரையில்தான் திறக்கிறது.