தட்டில் காத்திருந்த ஈரல்

சோதனைக்குழாய்களை அவள் மறுபடி மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இளஞ்சிவப்பு கூடினால் ஈரலில் சேதம் கூடுதல் என்று அர்த்தம். வெறும் தீவனம் தின்ற எலிகளின் குழாய்கள்தான் சிவக்க வேண்டும். ஈரலைக் காக்கும் என்று அவள் சோதிக்கும் சத்துப்பொடியைத் தின்றவற்றின் குழாய்கள் வெளுத்திருக்க வேண்டும். இதுவரை ஒவ்வொரு முறையும் அப்படித்தான் வந்தது. இன்று எல்லாம் தலைகீழ்.

ஆய்வகத்தில் அவளுக்கு எலிராணி என்று பெயர். ராணிக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. முதலில் வெறும் தீவன எலிகள், பிறகு பொடி எலிகள். ஈரல்களை எல்லாம் எடுத்துத் தட்டில் பரப்பி, எடை பார்த்து, கடைசியில்தான் மொத்தமாக அரைப்பாள். இன்று கூண்டு கழுவியவர் அடுக்கை மாற்றி வைத்துவிட்டுப் போனதால், முதலில் கைக்கு வந்தவை பொடி எலிகள்.

தட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் இல்லை. என்றைக்குமே போட்டதில்லை. நறுக்கி வைத்த ஆப்பிள் கறுப்பது மாதிரி, எந்த எலியாக இருந்தாலும் முதலில் எடுத்த ஈரல் காத்திருந்தே கெட்டிருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. பொடி எதையும் காப்பாற்றவில்லை.

அவளுடைய முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டும் பேராசிரியர் கதவருகே வந்து குழாய்களைப் பார்த்தார்.

"எப்பவும் செய்யற வரிசையிலயே இன்னொரு தடவை செஞ்சு பாரேன். கட்டுரை அச்சுக்குப் போயாச்சும்மா."

அவருக்கும் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் பதறியது அப்பாவை நினைத்து. முதல் முடிவு வந்த அன்று வீட்டில் போய்ப் பீற்றிக்கொண்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றிலிருந்து அப்பா தினமும் அந்தப் பொடியைக் கடையில் வாங்கிக் கரைத்துக் குடித்துவிட்டு, பார்க்கிறவர்களிடம் எல்லாம் மகள் புராணம் பாடுகிறார். எலிக்கு ஒத்துக்கிட்டது எனக்கு ஒத்துக்காதா என்று சிரிப்பு வேறு. இதய மாத்திரையைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றினார்.

போனை எடுத்து அப்பாவை அழைத்தாள்.

"அப்பா, மாத்திரை போடறீங்களா இல்லையா?"

"ரெண்டும் எதுக்கு? ஈரலைக் காக்கறது இதயத்தைக் காக்காதா? அதான் பொடி இருக்கே."

"எப்ப நிறுத்தினீங்க?"

"நீ சொன்னதுலேர்ந்துதான்."

"அந்தப் பொடி வேலை செய்யலப்பா. நான்தான் சோதனையைத் தப்பா பண்ணிட்டேன்."

"அன்னைக்கு வேலை செய்யுதுன்னு சொன்னது நீ. இன்னைக்கு இல்லைன்னு சொல்றதும் நீ. நான் எதைம்மா நம்பறது?"

பேராசிரியர் நகராமல் நின்றுகொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"இன்னைக்குச் சொல்றதை நம்புங்க. அன்னைக்குச் சொன்னதுல எனக்கு ஒரு பட்டம் இருந்துச்சு. இதுல எனக்கு ஒண்ணுமே இல்லை."

பேராசிரியர் திரும்பிப் போனார். மறுமுனையில் அலமாரிக் கதவு திறந்தது, டப்பாக்கள் உருண்டன.

"மாத்திரையை எங்க வெச்சேன்னே தெரியலையேம்மா," என்றார் அப்பா. அந்தக் குரலில் பயத்தை அவள் கேட்பது இதுதான் முதல் தடவை.

"தேடுங்கப்பா. நான் லைன்லயே இருக்கேன்," என்றபடி அவள் வாசலை நோக்கி ஓடினாள்.