சிவப்புப் புள்ளி வைத்த முட்டைகள்

என்னைப் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். வீட்டுக்கார அம்மா நாராயணம்மா வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார். "எவ்ளோ பொறுமைம்மா சத்யா உனுக்கு! முட்டையவே பாத்துக்கினு இருக்கிறயே!" நான் பொறுமைசாலி இல்லை. பால் பொங்க நேரமானால் அடுப்பைத் திட்டுகிறவள். பாகலூர் ரோட்டில் பஸ் தாமதமானால் டிரைவரின் பரம்பரையையே இழுப்பேன். ஆமை முட்டையை அவசரப்படுத்த ஒரு வழி இருந்திருந்தால் முதல் ஆளாக நான்தான் அதைச் செய்திருப்பேன். வழி இல்லை, அதனால் காத்திருந்தேன். அவ்வளவுதான்.

ஆமைகள் நான் கேட்டு வந்தவை அல்ல. பக்கத்துப் போர்ஷனில் இருந்த வடநாட்டு என்ஜினியர் புனேவுக்கு மாறிப் போகும்போது, கன்னத்தில் சிவப்புக் கோடு போட்ட இரண்டு தண்ணி ஆமைகளையும் தொட்டியோடு மொட்டை மாடியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனுஷன்! ஆமை வீட்டுக்கு ஆகாது என்று நாராயணம்மா முகத்தைச் சுளித்தார். நான் தொட்டியைக் கழுவித் தண்ணீர் மாற்றினேன். அன்றைக்கு அவை என்னுடையவை ஆயின.

முதல் தடவை பெண் ஆமை தண்ணீருக்குள்ளேயே முட்டை போட்டுவிட்டது. எல்லாம் அழுகிப் போயின. நான் அழுதேன். "ஆமைக்கெல்லாமா அழுவ?" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர் மாதவன். அதன் பிறகுதான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆமை முட்டையைப் பற்றிப் படித்தேன். தொட்டியோரம் மணல் கொட்டி வைத்தேன். அடுத்த தடவை அது பின்னங்காலால் பள்ளம் பறித்து ஐந்து முட்டை போட்டது.

அந்த ஐந்தையும் பொரிக்க வைத்தே தீருவது என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. ஓசூரில் இந்த வீடு மாதவன் பார்த்தது. ரோஜாப் பண்ணையில் பூ தரம் பிரிக்கிற என் வேலை அவர் சொல்லி வாங்கிக் கொடுத்தது. கட்டில்கூட அவர் அளவெடுத்துப் போட்ட இடத்தில்தான் கிடந்தது. நானே ஆரம்பித்து நானே முடிக்கிற காரியம் என்று எனக்கு இருந்தது அந்த ஐந்து முட்டைதான்.

பண்ணையிலிருந்து பூ அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றும் கொஞ்சம் தேங்காய் நார்த்தூளும் கேட்டு வாங்கி வந்தேன். நார்த்தூளை ஈரமாக்கி முட்டைகளைப் பாதி புதைத்து, மேலே ஒரு சின்ன பல்பு தொங்கவிட்டு, எங்கள் கட்டிலின் தலைமாட்டில் வைத்தேன். அந்தக் குளிர்காலத்தில் கரண்ட் போகாத நாளே இல்லை. போகும்போதெல்லாம் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிப் பெட்டிக்குள் வைப்பேன். "கோழி தெனம் பொரட்டி விடும்மா. நீயும் பொரட்டு" என்றார் நாராயணம்மா. கோழி முட்டைக்கு அது சரி. ஆமை முட்டையைப் புரட்டினால் உள்ளே இருக்கிற குஞ்சு செத்துப்போகும். வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும்.

எது மேல்பக்கம் என்று தெரிய வேண்டுமே! எங்கள் பண்ணையில் சிவப்பு ரிப்பன் கட்டிய செடியில் யாரும் கத்தரி வைக்கக் கூடாது. புதிதாக வருகிறவளுக்கு முதல் நாள் சொல்லித் தருவதே அதைத்தான். அந்தப் பழக்கத்தில் ஐந்து முட்டையின் உச்சியிலும் சிவப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தேன். தொடாதே என்று அர்த்தம்.

ஜனவரிக் கடைசியில் காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிற ரோஜா எங்கள் ஷெட்டில் மலையாகக் குவியும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அந்த ஞாயிறு மாதவன் மட்டும் வீட்டில் இருந்தார். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கம்பெனியில் அப்போது ஃபைவ் எஸ் என்று ஒரு பித்து பிடித்து ஆட்டியது. வேண்டாததைக் கழி, இருப்பதை ஒழுங்காக அடுக்கு, துடை. அந்தப் பித்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சாயங்காலம் நான் வந்தபோது செருப்பெல்லாம் வரிசையில் நின்றன. கேஸ் சிலிண்டரைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. கட்டில் தலைமாடு காலியாகக் கிடந்தது.

"பொட்டி எங்கங்க?"

"மாடியில கழுவிக் கவுத்திருக்கேன். நல்ல பொட்டி, எதுக்காவது ஆவும்."

"முட்டை?"

"அதான் அஞ்சுலயும் ரெட் மார்க் போட்டு வச்சிருந்தியே. மொத்தமும் ரிஜெக்ட். தூக்கிப்போட உனக்கு மனசு வரலேன்னு நெனச்சி நானே குப்பைத்தொட்டியில கொண்டு போய்ப் போட்டுட்டேன்."

அவர் கம்பெனியில் சிவப்பு மார்க் விழுந்த சாமான் நேராக ஸ்கிராப்புக்குப் போகும். எனக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு நின்றார்.

"யோவ், உன்னை எவன்யா கேட்டான்?" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. வாயில் தானாக வந்துவிட்டது, வரட்டும்.

தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குள் இறங்கிக் கையால் கிளறினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பின்னாலேயே ஓடிவந்த மாதவன் "வாம்மா, எல்லாம் பாக்கறாங்க" என்றார். மூன்று முட்டை உடைந்திருந்தன. அதில் ஒன்றில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு முழு ஆமையே இருந்தது. ஓடு, நகம், கன்னத்துச் சிவப்புக் கோடு எல்லாம் வந்துவிட்டிருந்தன. வயிற்றில் மஞ்சள் கரு ஒட்டித் தொங்கியது. ஒரு கால் இழுத்தது. அப்புறம் இழுக்கவில்லை.

அதை அப்படியே உள்ளங்கையில் ஏந்தி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இது ரிஜெக்ட்டா? இன்ஸ்பெக்டர் சொல்லுங்க, ரிஜெக்ட்டா?"

"எனக்கு எப்பிடித் தெரியும் சத்யா? நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க கேட்டிருக்கலாம்ல? உங்க தலைமாட்டுலதான இருந்துச்சி? இது என்ன புள்ளின்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கேட்டீங்களா?"

நாராயணம்மா வந்து என் தோளைத் தொட்டார். "உடும்மா. ஆம்பள, தெரியாம செஞ்சிட்டான். நீதான் பொறுமையா போவணும்." அந்தப் பொறுமையைக் கொஞ்சம் அவருக்குச் சொல்லுங்கள் என்று நான் போட்ட சத்தத்தில் நாராயணம்மா கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உடையாத இரண்டையும் துடைத்து, புள்ளி மேலே தெரியும்படி மறுபடி நார்த்தூளில் வைத்தேன். பல்பை மாதவன் தானாகவே மாட்டினார். கரண்ட் போனால் வெந்நீர் போட்டார். நான் அவரோடு பேசவில்லை. வெந்நீர் போட்டுவிட்டால் ஆச்சா? சில நாளில் ஒரு முட்டை நாற்றமெடுத்தது. எடுத்துப் புதைத்தேன். மிச்சம் ஒன்று.

பூ லோடெல்லாம் போய் எனக்கு லீவு கிடைத்த ஒரு காலையில் அந்த ஒன்றில் சின்ன ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டைக்குள் ஒரு மூக்கு தெரிந்தது. அவரும் ஓடிவந்து பக்கத்தில் குந்தினார். மூக்கு தெரிந்ததோடு சரி, வெகுநேரம் வேறு ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"மாட்டிக்கிச்சி போல. லேசா பிச்சி உட்டா வந்துடும்" என்று கையை நீட்டினார். பளீரென்று அந்தக் கையில் ஒன்று வைத்தேன்.

"வயித்துல கரு இன்னும் ஒட்டியிருக்கும். அது உள்ள இழுத்துக்கற வரைக்கும் வெளிய வராது. நாம இழுத்தா கிழிஞ்சி செத்துரும். அன்னிக்குப் பாத்தீங்கல்ல? உக்காருங்க."

உட்கார்ந்தார். எழுந்தார். டீக்கடைக்குப் போய் டீ குடிக்காமல் திரும்பி வந்தார். சாயங்காலம் வரைக்கும் மூக்கும் ஒரு முன்னங்காலும்தான். பாவம் பாவம் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படித் தவிப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மறுநாள் மத்தியானம் அது முட்டை ஓட்டைப் பின்னால் தள்ளிவிட்டு நார்த்தூளில் வந்து நின்றது. தலையைத் தூக்கி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. மாதவனின் விரல் பெட்டிக்குள் நீண்டு, பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

"தொடலாமா?" என்று கேட்டார்.

இந்த ஒரு வார்த்தையை அவர் கேட்க என் நான்கு முட்டைகள் போக வேண்டியிருந்தது.

"கூடாது" என்றேன்.