பக்கத்து சீட்டில் ஒரு மேஜை

விமானக் கம்பெனியில் அவனுக்கு மெத்தை என்று பெயர். எந்த இருக்கையைக் கண்டாலும் உட்காருவதற்கு முன் உள்ளங்கையால் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பான். டாக்டர் வீட்டு பெஞ்சானாலும் சரி, பஸ் சீட்டானாலும் சரி. யாரோ ஒருநாள் கேலிக்குச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

கம்பெனியிடம் இருந்ததெல்லாம் விசிறி சுற்றும் சின்ன விமானங்கள். நடைபாதைக்கு இந்தப் பக்கம் இரண்டு சீட், அந்தப் பக்கம் இரண்டு சீட். ஏறி, பெல்ட் போட்டு, பிஸ்கட் பொட்டலத்தோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். இதில் பிசினஸ் கிளாஸ் வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. போட்டிக் கம்பெனிக்காரன் வைத்துவிட்டானாம்.

மேனேஜர் மெத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சீட்டை அகலப்படுத்த முடியாது. விமானத்தோட இடுப்பே அவ்வளவுதான். வரிசையக் குறைக்கக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. புது சீட்டும் வாங்க மாட்டாங்க. ஆனா உக்காந்தவன் மகாராஜா மாதிரி இருக்கணும். என்ன பண்ணுவியோ பண்ணு."

"சரி சார்."

"இது தேறினாத்தான் நம்ம பிரிவு தேறும். இல்லேன்னா சீட்டு, திரைன்னு விமானத்து உள் வேலையெல்லாம் வெளியாளுக்குக் குடுத்துட்டு நம்மள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் வீட்ல உக்காந்தா என் பொண்டாட்டி..."

மேனேஜர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வீட்ல உக்காந்தா எனக்குப் பொழுது போகாது" என்று முடித்தார். ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

மெத்தையின் மனைவி போன வருஷம் இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அதிலிருந்து ஆபீஸே அவன் முன்னால் சில வார்த்தைகளைத் தொடுவதில்லை. மனைவி, கல்யாணம், ஜோடி எல்லாம் விலக்கு. கணக்குப் பிரிவுக்காரருக்கு மகன் பிறந்தபோது, "எங்க வீட்டுக்கு ஒரு குழந்தை வந்திருக்கு" என்று மெத்தையிடம் இனிப்பை நீட்டினார், ஏதோ கூரியரில் வந்த மாதிரி. மெத்தை இனிப்பை வாங்கிக்கொண்டான். யார்மேலும் அவனுக்கு வருத்தமில்லை. வருத்தப்படுவதற்கு வேண்டிய சங்கதி எதுவோ அவனுக்குள் வேலை செய்வதை நிறுத்தியிருந்தது.

அவனுக்கு இருந்தது ஒரே பயம். வேலை போவதுகூட இல்லை. 'வீட்டுக்கு அனுப்பிடுவாங்க' என்றாரே, அந்த வீடு.

அந்த வீட்டில்தான் யோசனையும் கிடைத்தது. சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவன் உட்காருவான். இன்னொன்றில் பையை வைப்பான், பேப்பரை வைப்பான், தண்ணீர் பாட்டிலை வைப்பான். கை நீட்டினால் எல்லாம் எட்டும். முழங்கை யார்மேலும் இடிக்காது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அந்த நாற்காலியைப் பார்த்தவன், பாதியில் எழுந்து கையைக் கழுவிவிட்டுப் படம் போட உட்கார்ந்தான். சீட்டை மாற்றவே வேண்டாம். பக்கத்தில் ஆள் வராமல் செய்தால் போதும்.

முதல் இரண்டு வரிசையிலும் ஜன்னலோர சீட் பயணிக்கு. பக்கத்து சீட்டின் மேல் ஒரு பலகை. அதில் கோப்பை வைக்க ஒரு குழி, கண்ணாடி வைக்க ஒரு குழி, ஓரத்தில் தோல் பட்டை. விமானம் குலுங்கினாலும் அசையாதபடி நாலு போல்ட். பின்னால் ஒரு திரை. முடிந்தது பிசினஸ் கிளாஸ்.

போல்ட் முடுக்கியது அவன் மச்சான். இறந்துபோனவளின் அண்ணன், அதே கம்பெனியில் மெக்கானிக். ஒரு காலத்தில் இருவரும் ஒன்றாக டீ குடித்து, 'டா' போட்டுத் திரிந்தவர்கள். தங்கையைக் கொடுத்த மறுநாளே மச்சான் 'வாங்க மாப்ள, போங்க மாப்ள' என்று மாறிவிட்டார். அவள் போன பிறகும் அந்த மரியாதை மட்டும் போகவில்லை.

படத்தைப் பார்த்ததும் மச்சான் தலையைச் சொறிந்தார்.

"மாப்ள, இது..."

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல. போல்ட்டு எட்டாம் நம்பரா, பத்தாம் நம்பரான்னு பாத்தேன்."

மேனேஜரும் படத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஒரு கொட்டாவியை விட்டுக் கையெழுத்துப் போட்டார். டிக்கெட் பிரிவுப் பெண் பார்த்தாள், இருமினாள், நல்லாயிருக்கு சார் என்றாள். சோதனைக்காக மாதிரி சீட்டில் உட்கார்ந்த கணக்குப் பிரிவுக்காரர் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். அதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

முதல் ஓட்டத்துக்கு முதலாளியும் முதலாளியம்மாவும் வந்தார்கள். போட்டோக்காரர் வந்தார். ரிப்பன் வெட்டியாயிற்று. முதலாளி உள்ளே வந்து இடது ஜன்னலோரம் உட்கார்ந்து, முழங்கையைப் பலகையில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"பிரமாதம்" என்றார்.

மேனேஜர் மெத்தையின் முதுகில் தட்டினார். முதலாளியம்மா நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் எங்க உக்கார்றது?"

பணிப்பெண் வலது ஜன்னலோரத்தைக் காட்டினாள்.

"அவர் அங்க?"

"ஆமாம்மா."

"நான் இங்க?"

"ஆமாம்மா."

"நடுவுல?"

பணிப்பெண் பலகையைப் பார்த்தாள், நடைபாதையைப் பார்த்தாள், அடுத்த பலகையைப் பார்த்தாள். "நடுவுல காபி வெச்சுக்கலாம்மா" என்றாள்.

முதலாளியம்மாவுக்கு விமானம் என்றால் பயம். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து பயம். கிளம்பும்போது கணவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டால்தான் உயிர் நிற்கும். இது கம்பெனியின் பரம ரகசியம். ஆகவே எல்லோருக்கும் தெரியும்.

"இந்தப் பலகைய எடுங்க."

மச்சான் கருவிப்பையோடு ஓடி வந்து குனிந்து பார்த்தார். "எடுக்கலாம்மா. கிளம்ப நேரமாயிடும். கொஞ்சம் கெட்டியா முடுக்கியிருக்கு."

"எதுக்கு இவ்வளவு கெட்டியா?"

"ஆடக் கூடாதுன்னாங்கம்மா."

"யாரு?"

எல்லோர் பார்வையும் மெத்தையைத் தவிர்த்ததில், அவன் நின்ற இடம் நன்றாகத் தெரிந்துவிட்டது.

"நீதானா தம்பி? கல்யாணமான ஜோடி ரெண்டு பேர் சேந்து ஏறுவாங்களே, எங்க உக்காருவாங்கன்னு யோசிக்கவே இல்லையா?"

மெத்தை யோசித்துப் பார்த்தான். இப்போதுதான் யோசித்தான்.

"இல்லம்மா" என்றான்.

"உனக்குக் கல்யாணம் ஆகலையா?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மேனேஜர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "மேடம், மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் கிளம்பினா..."

"ஆச்சும்மா" என்றான் மெத்தை. "போன வருஷம் செத்துட்டா."

அந்த வார்த்தையை ஆபீஸில் இதுவரை யாரும் சொன்னதில்லை. காலமாயிட்டாங்க, தவறிட்டாங்க, போயிட்டாங்க என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவனே சொல்லிவிட்டான். போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார்.

முதலாளியம்மா பேச்சை மாற்றவில்லை. "என்ன ஆச்சு?"

"காய்ச்சல்."

"பிள்ளைங்க?"

"இல்லம்மா."

"சமையல்?"

"நானேதான்."

"ம்." அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "சரி. அதுக்காக ஊர்ல இருக்கிற எல்லாரையும் தனியா உக்கார வெப்பியா?"

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். பணிப்பெண் வாயைப் பொத்தினாள். மெத்தைக்கு மட்டும் ஏனோ காது அடைப்பு விட்ட மாதிரி இருந்தது. ஒரு வருஷத்தில் முதல்முறையாக ஒரு மனுஷி அவனிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்.

"தப்புதாம்மா" என்றான்.

"தப்புதான்" என்று முதலாளியம்மா ஒத்துக்கொண்டு, கணவரைப் பார்த்தார். "எந்திரிங்க."

"ஏம்மா, இப்பத்தானே..."

"எந்திரிங்கன்னேன்."

பிசினஸ் கிளாஸைத் திறந்துவைத்த முதலாளி, திரையை விலக்கிக்கொண்டு மனைவிக்குப் பின்னால் சாதா வகுப்புக்குப் போனார். அங்கே அதே சீட், அதே அகலம், அதே ஃபோம். பக்கத்தில் மட்டும் ஆள்.

காலி பிசினஸ் கிளாஸைப் படம் எடுத்தால் நன்றாக இருக்காது என்று போட்டோக்காரர் முணுமுணுத்தார். "நீயே உக்காரு. நாளைக்கு நம்ம பிரிவு இருக்குமோ இருக்காதோ, படமாவது இருக்கட்டும்" என்றார் மேனேஜர். மெத்தை இடது ஜன்னலோரத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். மச்சான் கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வலது ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். விமானம் கிளம்பியது. திரைக்குப் பின்னால் முதலாளி, "மெதுவா, மெதுவா, விரல் ஒடஞ்சிடும்" என்று சொல்வது கேட்டது.

பணிப்பெண் சூடான துண்டு கொடுத்தாள். ஜூஸ் கொடுத்தாள். மெத்தை ஜூஸைக் குழியில் வைத்தான். கன கச்சிதம். காலை நீட்டினான். முழங்கை எதிலும் இடிக்கவில்லை. சீட்டில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அதுதான் பிடிக்கவில்லை.

மச்சான் அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சொன்னார். விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை.

"என்ன மச்சான்?"

"தெரியும்னேன்!"

"என்ன தெரியும்?"

"படத்தப் பாத்தப்பவே தெரியும்! ஜோடியா வந்தா உக்கார முடியாதுன்னு!"

இரண்டு பலகைக்கும் ஒரு நடைபாதைக்கும் மேலாக இதைக் கத்த வேண்டியிருந்தது. சாதா வகுப்பில் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் சொல்லல?"

"எப்பிடிடா சொல்றது?" மச்சான் குரல் உடைந்தது, கத்தியதாலும் இருக்கலாம். "உங்கிட்ட வந்து, 'டேய், புருஷன் பொண்டாட்டி எங்கடா உக்காருவாங்க'ன்னு நான் கேக்கணுமா? நானு?"

'டா' திரும்பி வந்திருந்தது. மச்சான் கவனிக்கவில்லை. மெத்தை கவனித்தான்.

"அவ இருந்திருந்தா கேட்டிருப்பா" என்றான்.

"என்னது?"

"அவ கேட்டிருப்பான்னேன்!"

"கேட்டிருப்பாளா! படத்தக் கிழிச்சுப் போட்டுட்டு, எனக்கு ஜன்னல் சீட்டுன்னு சண்டைக்கு நின்னிருப்பா. கழுதை!"

அவளை அப்படித்தான் அண்ணன் கூப்பிடுவார். அதையும் ஒரு வருஷமாக யாரும் சொல்லவில்லை. மெத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே பார்ப்பதற்கு மேகம்தான் இருந்தது; அதைத்தான் இறங்கும்வரை பார்த்தான்.

விமானம் தரையைத் தொட்டது. முதலாளியம்மா திரையை விலக்கிக்கொண்டு முதலில் வந்தார். மெத்தை எழுந்து நின்றான். "ரசம் வெக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றான். "அப்ப பொழச்சுக்குவ" என்று இறங்கிப் போனார்.

மனைவி படியில் இறங்கும்வரை முதலாளி காத்திருந்தார். பிறகு சட்டென்று இடது ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். நசுங்கிய விரல்களைப் பலகைமேல் வரிசையாக விரித்துவைத்து, காலை நீட்டி, அப்பாடா என்றார்.

"நல்ல சீட்டுப்பா. அவகிட்ட சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன் சார்."

மேனேஜர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி கண்ணைத் திறந்தார். "வலது பக்கம் பலகைய எடுத்துடு. இடது பக்கம் அப்படியே இருக்கட்டும். இந்தப் பக்கம் தனியா வர்றவங்களுக்கு. அந்தப் பக்கம்..." மெத்தையைப் பார்த்தார். அவரும் ஒருமுறை இருமிக்கொண்டார். "அந்தப் பக்கம் மத்தவங்களுக்கு."

"ஜோடிக்குன்னு சொல்லலாம் சார்" என்றான் மெத்தை.

"ஆங். ஜோடிக்கு."

"அப்ப எங்க பிரிவு சார்?" என்று மேனேஜர் மெல்ல இழுத்தார்.

"பிரிவுக்கு என்ன? அடுத்த விமானத்தையும் இவனையே பண்ணச் சொல்லு" என்று முதலாளி எழுந்தார். வெளியிலிருந்து அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. மேனேஜர் அவர் பின்னாலேயே போய், வாசலில் நின்றபடி ஃபோனை எடுத்து, முதல் காரியமாக மனைவியைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தத் தொடங்கியவர், மெத்தையைப் பார்த்துவிட்டு, சத்தமாகவே பேசினார்.

திரும்பிப் போவதற்குள் வலது பக்கத்தைக் கழற்றிவிட வேண்டும் என்று உத்தரவு. போல்ட் அசைய மறுத்தது. மச்சான் முடுக்கியவனைத் திட்டினார், முடுக்கியவர் அவரேதான். மெத்தை பலகையைப் பிடித்துக்கொள்ள, மச்சான் ஸ்பேனரில் முழு உடம்பையும் சாய்த்தார். இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. கடைசிப் போல்ட் கழன்றதும் மச்சான் பலகையோடு மல்லாக்க விழுந்தார்.

கீழே சீட் அப்படியே இருந்தது. பலகை ஏறிய நாளிலிருந்து ஒருவரும் உட்காராத ஃபோம். மெத்தை அதை உள்ளங்கையால் அமுக்கினான். மெதுவாக எழும்பி வந்தது.

திரும்பும்போது மச்சான் முந்திக்கொண்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். மெத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். மச்சானுக்கு அகலமான தோள். அதில் பாதி மெத்தையின் சீட்டுக்குள் இருந்தது. கைப்பிடி முழுவதையும் அவர் முழங்கை எடுத்துக்கொண்டது. கிரீஸ் வாடை வேறு. விமானம் மேகத்துக்குள் நுழைவதற்கு முன்பே தூங்கி, தலையை இவன் தோளில் போட்டார். ஜூஸ் வைக்க இடமில்லாமல் மெத்தை கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தான்.

பணிப்பெண் குனிந்து, "சார், இடது பக்கம் காலியாத்தான் இருக்கு. வசதியா மாறி உக்காந்துக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. இவரு எந்திரிச்சிடுவாரு" என்றான்.